வாக்குப்பெட்டியும் பணப்பெட்டியும்

2024 மார்ச் 14 அன்று இரவு, உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி, இந்தியத் தேர்தல் ஆணையம் தன் இணையதளத்தில் இரண்டு கோப்புகளை வெளியிட்டது. ஒன்று 337 பக்கம், இன்னொன்று 426 பக்கம். முதல் கோப்பில் தேர்தல் பத்திரம் வாங்கியவர்களின் பெயர், தேதி, தொகை. இரண்டாவதில் அந்தப் பத்திரங்களைப் பணமாக்கிய கட்சிகளின் பெயர், தேதி, தொகை. யார் வாங்கிய பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்ற ஒன்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. உச்ச நீதிமன்றம் மறுபடியும் கண்டித்த பிறகு, மார்ச் 21 அன்று பாரத ஸ்டேட் வங்கி பத்திர எண்களையும் ஒப்படைத்தது. அதற்குப் பிறகுதான் இரண்டு பட்டியலையும் வரிக்கு வரி பொருத்திப் பார்க்க முடிந்தது. அடுத்த ஒரு மாதத்துக்குள், ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாடு மக்களவைத் தேர்தலில் வாக்களித்தது.

அந்தப் பட்டியலில் இருந்தவர்களும் ஏப்ரல் வெயிலில் வரிசையில் நின்றவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை கட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள், அந்தத் தேர்வு யார் கண்ணுக்குத் தெரிந்தது என்று கேட்டுப் பார்த்தால் இரண்டும் இரண்டு உலகம். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் நம் ஜனநாயகத்தின் நோயைப் புரிந்துகொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொழிலதிபர் எதைத் தேடுகிறார்?

பணம் உள்ளவர்கள் தங்கள் கொள்கைக்கு நெருக்கமான கட்சியை ஆதரிப்பார்கள் என்று நினைப்பது இயல்பு. இந்திய வரலாறு அதை முழுமையாக ஒப்புக்கொள்வதில்லை.

1926இல் ரூபாயின் மாற்று மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸாக நிர்ணயிக்கலாம் என்று ஹில்டன் யங் ஆணையம் பரிந்துரைத்தது. ஆணையத்தில் இருந்த பம்பாய் வணிகர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மட்டும் உடன்படாமல், 1 ஷில்லிங் 4 பென்ஸே சரியானது என்று தனிக் குறிப்பு எழுதினார். வெறும் இரண்டு பென்ஸ்தான் என்று தோன்றும். ஆனால் ரூபாயின் மதிப்பு உயர்ந்தால் இங்கிலாந்தின் லங்காஷயர் துணி இங்கே மலிவாகும்; பருத்தியை ஏற்றுமதி செய்பவர் கையில் வரும் ரூபாய் குறையும். இந்திய ஆலை முதலாளிகளில் பலர் காங்கிரசை நோக்கி நகர்ந்ததற்கு நாட்டுப்பற்று ஒரு காரணம் என்றால், அந்த இரண்டு பென்ஸும் சுங்கவரியும் இன்னொரு காரணம். 1944இல் டாட்டா, பிர்லா, தாகூர்தாஸ், லாலா ஸ்ரீராம் போன்றோர் சேர்ந்து வெளியிட்ட ‘பம்பாய்த் திட்டம்’ அரசின் திட்டமிடலையும் பெரும் பொது முதலீட்டையும் வரவேற்றது. வெளிநாட்டுப் போட்டியிலிருந்து காக்கும் ஓர் அரசு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

விடுதலைக்குப் பிறகு வந்த சோதனை இன்னும் தெளிவானது. 1959இல் ராஜாஜி சென்னையில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று நேரு அரசு தொழிலைக் கட்டிப்போடுகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. தொழிலதிபர்கள் தனிப்பேச்சில் புலம்பிவந்ததை அவர் மேடையிலேயே சொன்னார். அப்படியானால் அவர்களுடைய பணம் முழுவதும் ராஜாஜி பக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 1961இல் ஜே.ஆர்.டி. டாட்டா நேருவுக்குக் கடிதம் எழுதி, காங்கிரசுக்குத் தருவதோடு சுதந்திராக் கட்சிக்கும் நன்கொடை தரப்போவதாகத் தெரிவித்தார். ஆரோக்கியமான ஓர் எதிர்க்கட்சி நாட்டுக்கு அவசியம் என்பது அவர் சொன்ன காரணம். யாருக்குத் தருவது என்பது உங்கள் விருப்பம், ஆனால் அந்தக் கட்சி வலுவான எதிர்க்கட்சியாக வளரும் என்ற நம்பிக்கை தவறு என்று நேரு பதில் எழுதினார். நாட்டின் மிகப் பெரிய தொழில் குடும்பமே முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் எதிர்க்கட்சிக்குப் பணம் தர முடிந்தது. அந்தப் பத்தாண்டில் நிறுவன நன்கொடையில் பெரும்பங்கு காங்கிரசுக்கே போனது. மனம் ராஜாஜியோடு இருந்தாலும் லைசென்ஸ் டெல்லியில் இருந்தது.

இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் அமெரிக்க அரசியல் அறிஞர் தாமஸ் ஃபெர்குசன். 1995இல் வந்த ‘கோல்டன் ரூல்’ என்ற நூலில், கட்சிகளை வாக்காளர் கூட்டமாகப் பார்க்காமல் முதலீட்டாளர் கூட்டணிகளாகப் பார்க்க வேண்டும் என்றார். 1930களில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் ‘புதிய ஒப்பந்த’ (நியூ டீல்) காலத்தை அவர் உதாரணமாக எடுத்தார். ஜவுளி போன்ற துறைகளில் கூலிதான் பெரிய செலவு. அங்கே தொழிற்சங்கச் சட்டம் வந்தால் லாபம் போய்விடும். அந்த முதலாளிகள் ரூஸ்வெல்ட்டை வெறுத்தார்கள். எண்ணெய், மின்சாதனம் போன்ற துறைகளில் இயந்திரம்தான் பெரிய செலவு; கூலி கொஞ்சம் உயர்ந்தாலும் தாங்கும். வெளிநாட்டுச் சந்தை திறந்தால் அவர்களுக்கு லாபம். ஜெனரல் எலெக்ட்ரிக் தலைவர் ஜெரார்ட் ஸ்வோப் போன்றவர்கள் ரூஸ்வெல்ட் பக்கம் நின்றதன் பின்னணி இதுதான் என்கிறார் ஃபெர்குசன். பணக்காரர்களை ஒரே வர்க்கமாக எண்ணிவிடக் கூடாது, எந்தத் துறை, எந்தச் செலவு, எந்தச் சந்தை என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

பத்திரங்கள் சொன்ன கதை

2017 பட்ஜெட்டில் அன்றைய நிதி அமைச்சர் அருண் ஜெட்லி அறிவித்து, 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது தேர்தல் பத்திரத் திட்டம். 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஐந்து மதிப்புகளில் ஸ்டேட் வங்கி மட்டும் விற்கும். வாங்கியவர் பெயர் பத்திரத்தில் இருக்காது. கட்சி 15 நாளுக்குள் பணமாக்கிக்கொள்ள வேண்டும். கூடவே நிறுவனச் சட்டத்தையும் திருத்தினார்கள். மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக் கூடாது என்ற வரம்பு நீங்கியது. எந்தக் கட்சிக்குத் தந்தோம் என்று கணக்கில் காட்ட வேண்டிய கட்டாயமும் நீங்கியது. நஷ்டத்தில் ஓடும் நிறுவனமும் கோடிகளை அள்ளித் தரலாம் என்றானது.

விற்ற பத்திரங்களின் மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் 1 கோடி ரூபாய்ப் பத்திரங்கள். இது சாதாரண ஆதரவாளர் கொடுத்த நன்கொடை இல்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. 2019 ஏப்ரல் முதல் வெளியான கணக்கின்படி பா.ஜ.க.வுக்குச் சுமார் 6,060 கோடி, திரிணமூல் காங்கிரசுக்குச் சுமார் 1,609 கோடி, காங்கிரசுக்குச் சுமார் 1,421 கோடி, பாரத் ராஷ்டிர சமிதிக்குச் சுமார் 1,214 கோடி. அப்போது மேற்கு வங்கத்தை மட்டும் ஆண்ட ஒரு கட்சி, நாடு முழுவதும் பரவிய காங்கிரசை முந்தியிருக்கிறது. கொள்கை ஆதரவோ தேசியச் செல்வாக்கோ இதை விளக்காது. கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ, அவரைத் தேடிப் பணம் போயிருக்கிறது.

பட்டியலின் முதலிடத்தில் இருந்தது கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் நிறுவனம்; 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்தது. அதன் தொழில் லாட்டரி. எந்த மாநிலத்தில் லாட்டரி இருக்கலாம், எங்கே கூடாது என்பது முழுக்க மாநில அரசின் முடிவு. தமிழ்நாடு 2003இல் தடை செய்தது. மேற்கு வங்கத்தில் விற்பனை நடக்கிறது. அந்த நிறுவனத்தின் பத்திரங்களில் 500 கோடிக்கு மேல் திரிணமூலுக்கும், 500 கோடிக்கு மேல் தி.மு.க.வுக்கும், சுமார் 150 கோடி ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கும், 100 கோடி பா.ஜ.க.வுக்கும், 50 கோடி காங்கிரசுக்கும் போயின. இவற்றில் எந்த இரண்டு கட்சிக்கும் கொள்கை ஒற்றுமை தேடினால் தலை சுற்றும். இரண்டாம் இடத்தில் 966 கோடியுடன் ஹைதராபாத்தின் மேகா இன்ஜினியரிங். மத்திய அரசின் ஜோஜிலா சுரங்கப்பாதைப் பணியும் தெலங்கானாவின் காளேஸ்வரம் திட்டப் பணியும் அதன் கையில் இருந்தவை. பணமும் பா.ஜ.க.வுக்கும் பாரத் ராஷ்டிர சமிதிக்கும் போயிருக்கிறது, தி.மு.க.வுக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கிறது.

தி.மு.க.வின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2020–21இல் பத்திரங்கள் மூலம் அதற்கு வந்தது 80 கோடி. ஆட்சிக்கு வந்த 2021–22இல் 306 கோடி. கொள்கையும் தலைமையும் அதே. மாறியது கோட்டையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான். 2021 வரை ஆட்சியில் இருந்த அ.தி.மு.க.வுக்கு இந்தக் காலம் முழுவதும் கிடைத்தது சுமார் 6 கோடி. ஆட்சியில் இருப்பது மட்டுமே போதாது, நாளைக்கும் இருப்பார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும் என்றே இதைப் படிக்கிறேன்.

ஆதாயம் தேடிக் கொடுப்பது ஒரு வகை என்றால், பயத்தால் கொடுப்பது இன்னொரு வகை. பட்டியலை ஆராய்ந்த பத்திரிகையாளர்கள், பெரிய அளவில் பத்திரம் வாங்கிய நிறுவனங்களில் பல அமலாக்கத் துறை, வருமான வரித் துறை போன்றவற்றின் நடவடிக்கைக்கு உள்ளானவை என்று காட்டினார்கள். முன்னால் சோதனை, பின்னால் பத்திரம் என்ற வரிசையே குற்றத்துக்கு ஆதாரமாகிவிடாது. தனிக் குழு அமைத்து விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் ஏற்கவில்லை. ஆனால் நன்கொடை தருபவர் எப்போதும் வலியவர், வாங்குபவர் எப்போதும் அடிபணிபவர் என்ற படமும் சரியில்லை. இந்தியாவில் அரசு மிகப் பெரியது. அதன் முன்னால் பெரும் முதலாளியும் பயப்படுகிறார். இந்த வகையில் ஃபெர்குசனின் அமெரிக்காவிலிருந்து நாம் விலகுகிறோம்.

பத்திரங்கள் தெரியவந்த பகுதி மட்டும்தான். தெரியாத பகுதியை அளக்க ஆய்வாளர்கள் தேவேஷ் கபூரும் மிலன் வைஷ்ணவும் ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். கட்டுமானத் தொழிலில் ரொக்கம் அதிகம் புழங்கும். நிலமும் அனுமதியும் அரசியல்வாதி கையில். தேர்தல் வந்தால் பில்டரின் ரொக்கம் பிரசாரத்துக்குத் திரும்பும். அப்படியானால் கட்டட வேலை தேங்க வேண்டும், சிமெண்ட் விற்பனை விழ வேண்டும். மாநில வாரியாக, மாத வாரியாக சிமெண்ட் நுகர்வை எடுத்துப் பார்த்தார்கள். சட்டமன்றத் தேர்தல் நடக்கும் மாதத்தில் அது உண்மையிலேயே சரிகிறது. யாரும் வாய் திறக்காத ஒரு கணக்கைச் சிமெண்ட் மூட்டைகள் காட்டிக்கொடுத்தன.

பெரியம்மாவின் ஒற்றை ஓட்டு

இனி வரிசையில் நிற்பவரிடம் வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தல் முடிந்த வாரம் சங்கரன்கோவில் பக்கம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவரிடம் பணம் வந்ததா என்று கேட்டேன்.

“ரெண்டு கட்சிக்காரவியளும் தந்தாவ. நான் ரெண்டையும் வாங்கிக்கிட்டேன். வாங்காம இருந்தா, இவ எதிராளிக்குத்தான் போடப்போறான்னு பேரை எழுதிருவாவ ஐயா.”

“அப்ப யாருக்குப் போட்டீங்க பெரியம்மா?”

“அது பெட்டிக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.”

வாக்குக்குப் பணம் வாங்குவது குற்றம். அதை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. பணப்பட்டுவாடாவுக்குப் பெயர்போன 2009 திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டு வாக்காளர் விலைபோய்விட்டார் என்று எழுதியவர்கள் பெரியம்மா சொன்னதைக் கேட்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். மும்பையில் வேட்பாளர்களிடமே தரவு திரட்டிய சைமன் ஷோஷார் என்ற ஆய்வாளரும் இதே இடத்துக்குத்தான் வந்தார். கொடுத்தால் வாக்கு வரும் என்ற நம்பிக்கை வேட்பாளர்களுக்கே கிடையாது. எதிராளி கொடுக்கும்போது நாம் கொடுக்காவிட்டால் போட்டியிலேயே இல்லாமல் போவோம் என்ற பயத்தில் கொடுக்கிறார்கள். 2017 ஏப்ரலில் பணப்பட்டுவாடா காரணமாக ஆர்.கே. நகர் இடைத்தேர்தலே ரத்தானது. பணம் இருந்தது, பிடிபட்டது, எல்லாம் உண்மை. ஆனால் தாள் கைமாறியதாலேயே மனமும் கைமாறிவிட்டது என்று ஆகாது.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? 1940இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி கவுண்டி என்ற சிறு பகுதியில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் சகாக்களும் 600 பேரை மே மாதம் தொடங்கித் தேர்தல் வரை திரும்பத் திரும்பச் சந்தித்தார்கள். பிரசாரத்தால் கட்சி மாறியவர்கள் மிகச் சிலர். மதம், வசதி, ஊரா நகரமா என்பதைக் கேட்டாலே பெரும்பாலோரின் வாக்கை ஊகிக்க முடிந்தது. வானொலியையும் பத்திரிகையையும்விட வீட்டிலும் வேலையிடத்திலும் நடந்த பேச்சுக்கு வலு அதிகம். 1960இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘தி அமெரிக்கன் வோட்டர்’, கட்சிப்பற்று குடும்பத்தில் விதைக்கப்பட்டு வயதோடு இறுகுகிறது என்றது.

பெரியம்மாவின் கதையில் இது அப்படியே இருக்கிறது. தன் ஐயா காலத்துச் சின்னத்துக்கே அவர் ஆயுள் முழுக்கப் போட்டுவந்தார். ஒரே ஒரு தேர்தலில் மாறினார். அந்தக் கோடையில் மூன்று மாதம் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்கப் போன பெண்களை அந்தக் கட்சிக்காரர் ஒருவர் எடுத்தெறிந்து பேசி அனுப்பினார். அடுத்த தேர்தலில் மாற்றிக் குத்திவிட்டு, அதற்கடுத்த தேர்தலில் பழைய சின்னத்துக்குத் திரும்பினார். பிறந்த வீட்டுப் பற்று ஒரு பக்கம், நடந்ததை வைத்துத் தண்டிப்பது இன்னொரு பக்கம். வாக்காளர் குறித்த இரண்டு பெரிய கோட்பாடுகளும் ஒரே பெண்ணிடம் சண்டையில்லாமல் வாழ்கின்றன.

மூன்றாவது ஒன்றும் உண்டு: கைக்கு வந்து சேர்ந்த நன்மை. 1967இல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி, 1982இல் விரிவுபடுத்தப்பட்ட சத்துணவு, 2006இல் இரண்டு ரூபாய் அரிசியும் வண்ணத் தொலைக்காட்சியும், 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, 2021இல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, 2023இல் மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகை. இவற்றையெல்லாம் இலவசம் என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்குபவர்கள், பூ கட்டி விற்கும் ஒரு பெண் நாளைக்கு இரண்டு பேருந்து மாறிப் போவதன் செலவை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். தன் வாழ்க்கையை எந்த அரசு தொட்டது என்று கேட்டு வாக்களிப்பது அறிவுள்ள செயல். பெரும் நிறுவனம் வரிச் சலுகையைக் கணக்கிட்டால் அதை மதிநுட்பம் என்கிறோம். ஏழைப் பெண் ரேஷன் அரிசியைக் கணக்கிடுவதையும் அதே மரியாதையோடுதான் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. லாட்டரி நிறுவனம் ஐந்து கட்சியைத் தேர்ந்தெடுக்கலாம். பெரியம்மாவால் ஒன்றைத்தான் முடியும். முதலீட்டாளருக்கு யார் வென்றாலும் ஒரு கதவு திறந்திருக்கும். வாக்காளர் தோற்றால் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும்.

இரண்டு பேரையும் ஒரு கட்சி எப்படித் திருப்திப்படுத்துகிறது?

கட்சிக்கு வெல்ல வாக்கு வேண்டும், பிரசாரத்துக்குப் பணம் வேண்டும். வாக்கு ஏழைகளிடம் அதிகம், பணம் பணக்காரர்களிடம் அதிகம். இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரு வழியைத் தாரிக் தச்சில் 2014இல் எழுதிய ஆய்வு காட்டியது. உயர்சாதி, நடுத்தர ஆதரவாளர்களைக் கொண்ட பா.ஜ.க., சத்தீஸ்கரில் ஆதிவாசிகளின் வாக்கை எப்படிப் பெற்றது? மறுபங்கீட்டுக் கொள்கை அறிவித்தால் பழைய ஆதரவாளர்கள் கோபிப்பார்கள். அதற்குப் பதில் அதன் சகோதர அமைப்புகள் பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்தின. ஜஷ்பூரில் 1952இல் தொடங்கிய வனவாசி கல்யாண் ஆசிரமம் அவற்றில் ஒன்று. மேலே உள்ளவர்களுக்குக் கொள்கை, கீழே உள்ளவர்களுக்குச் சேவை. இருவரும் ஒரே சின்னத்தின் கீழ் வந்தார்கள்.

இதைவிட முக்கியம், எது பேசப்படாமல் போகிறது என்பது. பெரிய முதலீட்டாளர்கள் எல்லாரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால், எந்தக் கட்சியும் அதைத் தேர்தல் பிரச்சினையாக்காது என்பது ஃபெர்குசனின் ஆழமான கருத்து. இந்தியாவில் நிறுவன நன்கொடைக்கு 1969இல் இந்திரா காந்தி அரசு விதித்த தடை 1985இல் விலக்கப்பட்டது. சொத்து வாரிசுகளுக்குப் போகும்போது விதிக்கப்பட்ட மரணச் சொத்து வரியும் அதே 1985இல் ஒழிக்கப்பட்டது. இரண்டையும் நான் காரண காரியமாக இணைக்கவில்லை. ஆனால் அதன்பிறகு காங்கிரசோ பா.ஜ.க.வோ அந்த வரியைத் திரும்பக் கொண்டுவருவோம் என்று தேர்தல் வாக்குறுதி தந்ததில்லை. 2015 பட்ஜெட்டில் செல்வ வரியும் போனது. 2019இல் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமானது. 2024 தேர்தல் நேரத்தில் காங்கிரசைச் சேர்ந்த சாம் பிட்ரோடா வாரிசு வரி பற்றி ஒரு பேட்டியில் குறிப்பிட்டதும், அது கட்சியின் கருத்தே இல்லை என்று காங்கிரஸ் அவசரமாக விலகிக்கொண்டது. ஆளும் கட்சி தாக்கியது, எதிர்க்கட்சி பின்வாங்கியது. அந்த வரி நல்லதா கெட்டதா என்று வாக்காளர் யோசிக்கும் வாய்ப்பே வரவில்லை.

பதினோரு லட்சம்

இந்த நிலை தவிர்க்க முடியாததா? தமிழ்நாட்டிலேயே மாற்று அனுபவம் இருக்கிறது. 1967 தேர்தலுக்கு 10 லட்சம் ரூபாய் நிதி திரட்ட தி.மு.க. இலக்கு வைத்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, நாடகம் நடத்தி, உண்டியல் குலுக்கிச் சேர்த்தார்கள். நிதி திரட்டிய கருணாநிதி 11 லட்சம் சேர்த்துக் கொடுக்க, விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை வாசித்த அண்ணா, சைதாப்பேட்டை வேட்பாளர் ‘பதினோரு லட்சம்’ என்றே அறிவித்தார். அந்தத் தேர்தலில் காமராஜரே விருதுநகரில் தோற்றார்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க வேண்டாம். அன்றும் வசதி படைத்த ஆதரவாளர்கள் இருந்தார்கள். ஆனால் உண்டியலில் நாலணா போட்டவருக்குக் கட்சியின் மேல் ஓர் உரிமை இருந்தது. ஃபெர்குசனும் இதைத்தான் சொல்கிறார்: சாதாரண மக்கள் தனித்தனியாக முதலீட்டாளர் ஆக முடியாது, அமைப்பாகத் திரண்டால் முடியும். 1936இல் ரூஸ்வெல்ட்டுக்குப் பெரிய நன்கொடை தந்தவர்களில் ஜான் எல். லூயிஸ் தலைமையிலான சுரங்கத் தொழிலாளர் சங்கமும் ஒன்று. இங்கே தேர்தல் பத்திரம் வாங்க மாட்டோம் என்று மறுத்த மார்க்சிஸ்ட் கட்சி இன்றும் வீதியில் வசூலிக்கிறது. 11 லட்சத்தை உண்டியலில் சேர்த்த கட்சி ஒரே ஆண்டில் பத்திரங்கள் மூலம் 306 கோடி பெறும் நிலைக்கு வந்தபோது, வளர்ந்தது தொகை மட்டுமில்லை. கட்சி யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் மாறிவிட்டது.

மேல்நோக்கிக் கசியும் ரகசியம்

பத்திரத் திட்டத்துக்கு அரசு சொன்ன நியாயம் இது: நன்கொடை தருபவரின் பெயர் தெரிந்தால் போட்டிக் கட்சி பழிவாங்கும், வாக்கு ரகசியம் போல் நன்கொடையும் ரகசியமாக இருக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும்.

ஆனால் வாக்கு ஏன் ரகசியமாக்கப்பட்டது? 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும், 1872இல் பிரிட்டனிலும் அந்த முறை வந்தது, குத்தகைக்காரனைப் பண்ணையாரிடமிருந்தும் கூலியாளை முதலாளியிடமிருந்தும் காப்பதற்காக. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகள் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, 2006 வரை அங்கே முறையான தலைவரை அமர்த்த முடியவில்லை. ஊர் ஆதிக்கம் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்கு வாக்கின் ரகசியம் ஏன் உயிர்நாடி என்று விளக்க வேண்டியதில்லை. பலவீனமானவரை வலியவரிடமிருந்து காப்பது வாக்கு ரகசியம். நன்கொடை ரகசியமோ வலியவரை எளியவரின் கண்ணிலிருந்து மறைப்பது.

அந்த ரகசியமும் எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கவில்லை. 2018இல் பூனம் அகர்வால் என்ற பத்திரிகையாளர் பத்திரம் வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் தனித்த எண் ஒவ்வொன்றிலும் இருந்தது. அது பாதுகாப்பு அம்சம் மட்டுமே என்றது நிதி அமைச்சகம். அந்த எண்களைக் கொண்டுதான் 2024இல் கொடுத்தவரையும் வாங்கியவரையும் பொருத்த முடிந்தது. அரசு வங்கியிடம் இருந்த தகவல் குடிமக்களிடம் மட்டும் இல்லை.

வாக்காளரின் ரகசியத்திலும் ஓட்டை இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. மின்னணு இயந்திரம் வந்த பிறகு ஒவ்வொரு சாவடியின் முடிவும் தனியாகத் தெரிகிறது. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கட்சிக்குத் தெரியும். 2019 பிரசாரத்தில் ஒரு மத்திய அமைச்சர், ஊர்கள் தந்த வாக்கைப் பொறுத்து அவற்றை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து வேலை செய்வோம் என்று பேசி, தேர்தல் ஆணையத்தின் கண்டனத்துக்கு ஆளானார். பல இயந்திரங்களின் வாக்கைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியை ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் ஆதரித்தது. இன்றுவரை அது வரவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே படம்தான். ஏழையின் தேர்வு அதிகாரத்துக்குத் தெரிகிறது. பணக்காரரின் தேர்வும் அதிகாரத்துக்குத் தெரிந்தது. தெரியாமல் இருந்தது குடிமக்களுக்கு மட்டும். ரகசியம் மேல்நோக்கிக் கசிகிறது, கீழே ஒரு சொட்டும் இறங்குவதில்லை. 2024 பிப்ரவரி 15 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இத்திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தபோது, வாக்காளரின் தகவல் பெறும் உரிமையையே அரசமைப்பின் 19(1)(அ) பிரிவிலிருந்து எடுத்து முன்னிறுத்தியது. நிறுவன நன்கொடைக்கான பழைய வரம்பும் திரும்பியது. 1957இலேயே, டாட்டா இரும்பு நிறுவனம் கட்சிகளுக்கு நன்கொடை தர அனுமதி கேட்ட வழக்கில், பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா அனுமதித்துக்கொண்டே இந்தப் பழக்கம் ஜனநாயகத்தை மூழ்கடிக்கக்கூடும் என்று எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை நடைமுறைத் தீர்ப்பாக மாற அறுபத்தேழு ஆண்டு ஆனது.

சுவரில் ஒரு தாள்

இன்னும் பாதி வேலை மிச்சம். மக்களவை வேட்பாளர் பெரிய மாநிலத்தில் 95 லட்சத்துக்கு மேல் செலவிடக் கூடாது. கட்சியின் செலவுக்கு வரம்பே இல்லை. நன்கொடைக் கணக்கு ஆண்டறிக்கையாக, தேர்தல் முடிந்து மாதக்கணக்கில் கழித்து வருகிறது. கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும். டோட்டலைசர் உடனே வர வேண்டும். பெரிய நன்கொடை சில நாட்களுக்குள் பெயரோடு வெளியாக வேண்டும்.

பணக்காரர்கள் கட்சியை ஆதரிப்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஜே.ஆர்.டி. நேருவிடம் நேராகச் சொல்லிவிட்டுக் கொடுத்தார். அந்த நேர்மையைப் பிரதமருக்கு மட்டும் காட்டினால் போதாது, நாட்டுக்கும் காட்டு என்று சட்டம் சொல்லட்டும்.

ஒவ்வொரு வாக்குச்சாவடியின் வெளிச்சுவரிலும் போட்டியிடுபவர்களின் பட்டியல் ஒட்டியிருக்கும். பெரும்பாலும் ஊர்ப் பள்ளிக்கூடம். வகுப்பறைக்கு வெளியே, வராந்தா நிழலில், வரிசை அதை ஒட்டியே நகரும். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டப்பட வேண்டும்: இந்தக் கட்சிக்கு அதிகம் தந்த பத்துப் பேர், அவர்கள் தொழில், தந்த தொகை. வரிசை மெதுவாகத்தான் நகர்கிறது. பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படித்து முடிக்க நேரம் இருக்கும்.